கணக்கு நோட்டில் இல்லாத செலவு

திருமுடிவாக்கத்திலிருந்து பழந்தண்டலம், நடுவீரப்பட்டு, சோமங்கலம் என்று உள்ளே போனால் இன்றும் ஆங்காங்கே பச்சை தெரிகிறது. ஒரு பக்கம் சிட்கோ தொழிற்பேட்டையின் பட்டறைகள், இன்னொரு பக்கம் மிச்சமிருக்கும் கழனியும் கீரைப் பாத்தியும் காய்கறிக் கொல்லையும். இந்தப் பக்கத்தில் பந்தல் காய் போடுகிற ஒருவரிடம் செலவுக் கணக்கைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார். உழவுக் கூலி, விதை, எரு, யூரியா, டிஏபி, பந்தல் கம்பி, பூச்சி மருந்து, மருந்தடிக்கிற ஆளுக்குக் கூலி, களையெடுப்பு, காய் பறிப்பு, கோயம்பேட்டுக்கு வண்டி வாடகை, அங்கே கமிஷன். பூவைக் காயாக்க எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டால் மட்டும் பதில் வராது. அந்த வரி அவர் நோட்டில் இல்லை.

அவருடைய அப்பா காலத்திலும் இல்லை. ஆனால் அன்று இல்லாததற்கும் இன்று இல்லாததற்கும் காரணம் வேறு. அன்று அந்த வேலை காசில்லாமல் நடந்தது. இன்று அதற்குக் காசு போகிறது. வேறு வேறு தலைப்புகளில் சிதறிப் போவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எல்லாப் பயிருக்கும் பூச்சி வேண்டும் என்பதில்லை. இந்த வட்டாரத்தின் மூலப்பயிரான நெல் தன் பூவுக்குள்ளேயே சூல்கொள்ளும். கீரையில் தண்டும் இலையும்தான் சரக்கு. மல்லிகையை மொட்டிலேயே பறித்துவிடுகிறோம். அதனால் ஏரிப்பாசனத்தை நம்பி நெல் மட்டும் விளைவித்தவர்களுக்குத் தேனீயைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. காய்க்கொல்லை வைத்தவர்கள் நிலை அப்படியல்ல. பூசணி, சுரை, பீர்க்கு, புடல், பாகல், வெள்ளரி, தர்பூசணி எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒன்றின் மகரந்தத் தூள் இன்னொன்றுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தத் தூள் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. யாராவது எடுத்துக்கொண்டு போனால்தான் உண்டு.

பூசணிப் பூவை விடியற்காலையில் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். இருட்டு பிரியும் முன்பே மஞ்சள் இதழ்கள் விரிந்துவிடும். ஆண் பூவுக்கு நீண்ட காம்பு, நடுவில் ஒற்றைத் தண்டு, அதன் மேல் மாவு பூசினாற்போல மகரந்தம். பெண் பூவின் அடியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு குட்டிப் பூசணி முதலிலேயே இருக்கும். முற்பகல் முடிவதற்குள் இரண்டும் சுருங்கிவிடும். அந்த நாலைந்து மணி நேரத்துக்குள் தேனீ வந்தால் பிஞ்சு நிற்கும். வராவிட்டால் இரண்டே நாளில் மஞ்சள் தட்டி, வெம்பி, உதிர்ந்துவிடும். வந்தும் போதாமல் போவதுண்டு. தர்பூசணிப் பூ ஒன்றுக்கு எட்டு முறையாவது தேனீ வந்து போனால்தான் காய் ஒழுங்காகத் திரளும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. குறைந்தால் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சூம்பிய கோணல் காயாகும். மார்க்கெட்டில் அதைத் தனியாகக் கழித்துப் போடுவார்கள்.

பீர்க்கின் நேரம் வேறு. அது மாலையில் பூப்பது. சுரையின் வெள்ளைப் பூவும் புடலின் நூல் தொங்கும் பூவும் அந்தி மயங்கும்போது விரிகின்றன. வெள்ளை நிறம் இருட்டில் வரும் விட்டில் பூச்சிகளுக்கான அழைப்பு. கத்தரியின் தேவை இன்னும் நுட்பமானது. அதன் மகரந்தப் பையில் நுனியில் மட்டும் ஊசித் துளை. அடுக்குத் தேனீ மேலே உட்கார்ந்து சுரண்டினாலும் உள்ளே இருக்கும் தூள் எளிதில் வராது. கருவண்டோ நீலப் பட்டை போட்ட தனித் தேனீயோ பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைக்கும். ரீங்காரத்தின் சுருதி ஒரு கணம் மாறும். தூள் பொலபொலவென்று கொட்டும். முருங்கைப் பூவுக்கும் பெரிய விருந்தாளி கருவண்டுதான். மாம்பூவுக்கு ஈக்களே முக்கியம். ஆக, கொல்லைக்காரனுக்குக் காலை ஷிப்டுக்குத் தேனீ, வெயில் நேரத்துக்குக் கருவண்டு, இரவு ஷிப்டுக்கு விட்டில் என்று மூன்று வகை ஆட்கள் தேவை.

அந்த ஆட்களை அன்று யாரும் கூப்பிட்டதில்லை; அவர்கள் இங்கேயே குடியிருந்தார்கள். கொல்லையைச் சுற்றிக் கிளுவை, நொச்சி, காட்டாமணக்கு என்று உயிர்வேலி. அதில் கொம்புத் தேனீ கைப்பிடி அளவுக்கு ஒற்றை அடை கட்டும். ஏரிக்கரையில் பனை, வேம்பு, புங்கை, புளி. பொந்து விழுந்த கிழட்டு மரங்களில் அடுக்குத் தேனீ. வரப்பில் தும்பையும் துத்தியும் ஆவாரையும் மாற்றி மாற்றிப் பூத்ததால் கொல்லையில் பூ இல்லாத மாதத்திலும் அவற்றுக்குச் சோறு கிடைத்தது. நிலத்தடியில் வளை தோண்டி வாழும் தனித் தேனீக்கள், ஆண்டுக்கணக்கில் யாரும் கிளறாத வரப்பு மண்ணில் இருந்தன. கருவண்டு வசித்த இடத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள்: மாட்டுக்கொட்டகையின் மூங்கில் கழி, பந்தல் கால், கூரை வீட்டின் பழைய மர விட்டம். காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் வட்டமான ஒரு துளை, அதன் கீழே தரையில் மெல்லிய மரத்தூள். வீட்டுப் பெண்கள் காலையில் அந்தத் தூளைக் கூட்டிப் பெருக்கியிருக்கிறார்கள். அது கத்தரிக்கொல்லையின் வேலையாள் வீடு என்று யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நினைக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

ஜே.சி. குமரப்பா நினைத்துப் பார்த்தார். தஞ்சாவூரில் 1892-ல் பிறந்தவர், லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். பம்பாயில் தணிக்கையாளராக இருந்துவிட்டு காந்தியிடம் போனார். 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். அந்தச் சங்கம் ஊக்குவித்த தொழில்களில் தேனீ வளர்ப்பும் ஒன்று. சிறையில் இருந்தபோது எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில் பொருளாதாரங்களை அவர் தரம் பிரிக்கிறார். கொன்று தின்னும் புலியை ஒரு படியில் வைக்கிறார். நட்டு வளர்க்காமல் பறித்துத் தின்னும் குரங்கை இன்னொரு படியில் வைக்கிறார். தேனீயை அவற்றுக்கு மேலே வைக்கிறார். அது பூவிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எடுக்கும் செயலிலேயே பூவுக்கு வேண்டியதைச் செய்தும் விடுகிறது. வரவு செலவு பார்க்கப் பழகிய ஒருவர்தான் இதைக் கணக்காகப் பார்த்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பெட்டியில் தேனீ வளர்க்கும் பழக்கமும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1910-களில் திருச்சிப் பக்கம் இருந்த நியூட்டன் பாதிரியார் அடுக்குத் தேனீயான நம் ஊர் இந்தியத் தேனீயின் உடம்புக்கும் கூட்டத்துக்கும் ஏற்ற சின்னப் பெட்டியை வடிவமைத்துக் கிராமத்தாருக்குப் பயிற்சி கொடுத்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராம மறுசீரமைப்பு மையம் மார்த்தாண்டத்தில் அதை வீட்டுத் தொழிலாகப் பரப்பியது. ரப்பர் மரம் புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பை நம்பி, பெட்டிகளை லாரியில் ஏற்றித் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோகும் வழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதுவரை எல்லாம் நன்றுதான். ஆனால் அந்த வரலாறு முழுவதும் தேன் என்ற ஒரே சரக்கைச் சுற்றியே நடந்தது. பெட்டி வைத்தவருக்குத் தேன் விற்ற காசு. பக்கத்துக் கொல்லையில் காய் கூடுதலாகப் பிடித்ததற்கு யாரும் யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை, கேட்டதுமில்லை.

1991, 92-ல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, பெட்டியில் இருந்த இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. புழுக்கள் கண்ணறையிலேயே நீர்ப்பையாகிச் செத்தன. வளர்ப்பவர்கள் பலர் தொழிலை விட்டார்கள். அந்த நோய் தாக்காத இத்தாலியத் தேனீ பக்கம் சிலர் திரும்பினார்கள். தேன் குறைந்தது செய்தியானது. காய் குறைந்திருக்குமே என்று யாரும் அளந்ததாகத் தெரியவில்லை.

நம் நாட்டில் இதை அளந்து பார்த்தவர்களில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பார்த்திப பாசு குழு குறிப்பிடத்தக்கது. பூச்சி தேவைப்படும் பயிர்களின் விளைச்சலையும் தேவைப்படாதவற்றின் விளைச்சலையும் பல பத்தாண்டுப் புள்ளிவிவரங்களில் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டார்கள். 1993-க்குப் பிறகு இரண்டும் பிரிகின்றன என்று 2010-ல் சொன்னார்கள். பூச்சி தேவைப்படாதவை ஏறிக்கொண்டே போக, தேவைப்படுபவற்றின் ஏற்றம் தட்டிப்போனது. விதையும் உரமும் தண்ணீரும் இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான் மேம்பட்டன.

திருமுடிவாக்கத்துக்கு வருவோம். இங்கே மாறியவை எல்லாம் கெட்டுப்போயின என்று சொன்னால் அது பொய்யாகும். கவலை கட்டி மாட்டை முன்னும் பின்னும் நடத்தித் தண்ணீர் இறைத்த இடத்தில் மோட்டார் ஓடுகிறது. 1996-ல் சந்தை கோயம்பேட்டுக்கு வருவதற்கு முன் கொத்தவால்சாவடி நெரிசல் வரை காய் போக வேண்டியிருந்தது. இன்று வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை பக்கத்திலேயே போகிறது, ராத்திரி பறித்த காய் விடியுமுன் இறங்கிவிடும். பட்டறைகளில் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் கிடைக்கிறது. மழை பொய்த்த வருஷம் அந்தச் சம்பளம்தான் பல வீடுகளைக் காப்பாற்றியது. ஆடிக்காற்றில் சாய்ந்துவிடும் மூங்கில் பந்தலுக்குப் பதில், அரசு மானியத்தில் கல்தூணும் கம்பியுமாக நிரந்தரப் பந்தல் போட முடிகிறது. இவற்றைக் குறையாகச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் கல்தூணில் கருவண்டு துளை போடாது. உயிர்வேலி இருந்த இடத்தில் ஹாலோ பிளாக் சுவர் வந்தது. கிளறாத வரப்பு பிளாட் கல் நட்ட மனையானது. மிஞ்சிய கொல்லையிலும் ரோட்டாவேட்டர் ஓரம் விடாமல் ஓடுகிறது. சீமைக்கருவேலத்தை எல்லோரும் திட்டுகிறோம், திட்டத் தகுந்ததுதான். ஆனாலும் வேறு பூ இல்லாத புறம்போக்கில் வறண்ட மாதங்களில் தேனீக்கு அதுதான் கஞ்சித்தொட்டியாக இருந்தது. அதை வெட்டிய இடத்தில் புங்கனோ வேம்போ வைக்கவில்லை. இரவிலும் மாற்றம் நடந்தது. சாலை விளக்கும் தொழிற்கூட விளக்கும் விடிய விடிய எரிகின்றன. சுவிட்சர்லாந்தில் புல்வெளிகளில் விளக்குப் போட்டுச் சோதித்தபோது இரவுப் பூச்சிகள் பூவுக்கு வருவது 62 சதவீதம் குறைந்தது என்று 2017-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அந்தக் கணக்கு நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பீர்க்கும் சுரையும் புடலும் நம்பியிருப்பது அந்த இரவுப் பூச்சிகளைத்தான்.

மருந்தடிப்பு வேறு கதை. அன்று பூசணி வண்டுக்கு அடுப்புச் சாம்பலைத் தூவினார்கள், வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளித்தார்கள். வேலை அதிகம், பலன் அரைகுறை. வண்டு தின்றது போக மிஞ்சியதுதான் காய். இன்று தோளில் மாட்டும் பேட்டரி ஸ்பிரேயரில் ஒரு டேங்க் கலந்து அடித்தால் மறுநாளே இலை சுத்தமாகிறது. ஆள் காலையில்தான் கிடைப்பார். காலை ஆறிலிருந்து பத்துக்குள் அடித்து முடித்துவிடுவார். பூசணியும் பாகலும் வெள்ளரியும் விரிந்திருக்கும் நேரமும் அதுவே. இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் வகை மருந்துகள் செடிக்குள் ஊடுருவித் தேனிலும் மகரந்தத்திலும் கலப்பவை. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இவற்றோடு குளோதியானிடினையும் சேர்த்துத் திறந்த வெளிப் பயிர்களில் தடை செய்ததற்குத் தேனீயே காரணம். இங்கே அவை கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று இப்போது பார்க்கலாம். பீர்க்குக்கும் பாகலுக்கும் பெண் பூ கூடுதலாக வர எத்ரல் தெளிக்கச் சொல்கிறார்கள். செடி சிறிதாக இருக்கும்போதே தொடங்கி வாரம் ஒன்றாக நான்கு முறை. மருந்து விலை பெரிதல்ல, கூலி உண்டு. பெண் பூ கூடவும் செய்கிறது. கூடிய ஒவ்வொரு பெண் பூவுக்கும் ஒரு தேனீ கூடுதலாக வர வேண்டுமே, அதை எந்தப் பாட்டிலும் தராது. பூ உதிராமலிருக்க இன்னொரு ஊக்கி. உதிர்ந்த பிஞ்சைப் பார்த்து நோய் என்று நினைத்து அடிக்கிற மருந்து அடுத்த செலவு. வரவேண்டிய தேனீ அதில் இன்னும் குறையும். நிழல்வலைக் குடிலில் வெள்ளரி போடுபவர் பூச்சியே வேண்டாத, சூல்கொள்ளாமலே காய்க்கும் வீரிய ரகம் வாங்குகிறார். அதில் ஒற்றை விதையே சில ரூபாய். அந்த விலையில் ஒரு பங்கு தேனீக்குப் போக வேண்டிய கூலி. கடைசியாக, கோணல் காயென்று கழித்துப் போட்டது. அது செலவுக் கணக்கிலும் வராது, வரவிலும் வராது.

தேனீ செய்கிற வேலையை மனிதர் செய்தால் என்ன ஆகும்? இந்தச் சுற்றுவட்டாரத்து அடுக்ககங்களின் மாடித்தோட்டங்களில் அது தினமும் நடக்கிறது. காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, தண்டைப் பெண் பூவின் நடுவில் ஒற்றுகிறார்கள். சிலர் இதற்கென்றே சின்ன பிரஷ் வைத்திருக்கிறார்கள். நாலு தொட்டிக்கு அது இன்பமான வேலை. ஒரு ஏக்கருக்கு? நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கிய 2006-ல் தமிழ்நாட்டில் அதன் நாள் கூலி 80 ரூபாய். 2025-26-ல் 336 ரூபாய். அந்தக் குறைந்த கூலியையே வைத்துக்கொண்டாலும், பூப்பருவத்தில் இரண்டு பெண்கள் இருபது நாள் காலையில் பூத்தொட்டால் 13,440 ரூபாய். மார்க்கெட் கூலி அதற்கும் மேல். சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் மாவோசியன் பகுதி ஆப்பிள் விவசாயிகள் மரத்தில் ஏறித் தூரிகையால் பூத்தொட்டது உலகம் முழுவதும் செய்தியானது. கூலி மலிவாக இருந்தவரைதான் அது கட்டுப்படியானது. ஏற ஏற அவர்கள் வேறு பயிருக்கு மாறத் தொடங்கினார்கள்.

இந்தச் செலவைப் பெயர் சொல்லி எழுதுகிற நாடுகள் உண்டு. கலிபோர்னியாவில் பாதாம் தோட்டக்காரர் ஏக்கருக்கு இரண்டு பெட்டி வாடகைக்கு எடுக்கிறார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்டிக்கு 50 டாலர் சுமாராக இருந்த வாடகை இப்போது 200 டாலரைத் தொட்டிருக்கிறது. நம் காசில் 17,000 ரூபாய்க்கு மேல், சில வாரங்களுக்கு மட்டும். பிப்ரவரியில் அமெரிக்காவின் வணிகத் தேனீப் பெட்டிகளில் பெரும்பாலானவை லாரிகளில் அங்கே போய்ச் சேருகின்றன. அந்நாட்டு வேளாண் துறை எந்தப் பயிருக்கு எவ்வளவு வாடகை என்று கணக்கெடுத்து வெளியிட்டிருக்கிறது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கண்ணாடிக் குடில் தக்காளியை 1980-களின் பிற்பகுதி வரை கையில் அதிர்வுக் கருவி பிடித்து ஆட்கள் குலுக்கினார்கள். அதன்பின் அட்டைப்பெட்டியில் வளர்த்து விற்கும் பம்பிள் தேனீ அந்த வேலையை எடுத்துக்கொண்டது. நம் நாட்டிலேயே இமாசலப் பிரதேச ஆப்பிள் தோட்டங்களில் பூப்பருவத்துக்குப் பெட்டி வாடகைக்கு எடுப்பது பழகிப்போன ஒன்று. உலகம் முழுவதற்கும் பூச்சிகளின் இந்த உழைப்பை ஆண்டுக்கு 23,500 கோடியிலிருந்து 57,700 கோடி டாலர் வரை மதிக்கலாம் என்று ஐ.நா. ஆதரவில் இயங்கும் ஐபிபிஇஎஸ் அமைப்பு 2016-ல் சொன்னது.

தேனீக்காகத் திருமுடிவாக்கத்தைச் சுற்றிக் காசு செலவாகவில்லை என்று சொல்ல முடியாது, செலவாகிறது, விரட்டுவதற்கு. பாறையில்லாத ஊரில் பெருந்தேனீ தண்ணீர்த்தொட்டியின் அடியிலும் ஏழாவது மாடி சன்ஷேடிலும் முழ நீளத்துக்குக் கூடு கட்டுகிறது. குழந்தைகள் இருக்கும் இடம், கொட்டினால் ஆபத்து, பயம் நியாயமானது. குடியிருப்போர் சங்கம் பூச்சி ஒழிப்பு ஆட்களைக் கூப்பிடுகிறது. இருட்டில் புகையோ மருந்தோ போகிறது. காலையில் தரையெல்லாம் கருத்துக் கிடக்கிறது. ஒரு கூட்டில் பல்லாயிரம் தேனீ இருக்கும். அவை மேய்ச்சலுக்குப் பல கிலோமீட்டர் பறப்பவை. அந்தத் தொட்டியிலிருந்து பார்த்தால் தெரிகிற கொல்லைகளுக்கெல்லாம் அவைதான் காலை ஷிப்ட். ஒரு கூட்டை அழிக்கச் சில ஆயிரம் கொடுக்கிறோம். ஏறக்குறைய அதே காசில் ஒரு பெட்டித் தேனீயைக் குடிவைத்துவிடலாம்.

அந்தக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 2005-06-ல் தேசியத் தோட்டக்கலை இயக்கம் தொடங்கியதிலிருந்தே மகரந்தச் சேர்க்கைக்குத் துணையாகத் தேனீ வளர்ப்பு என்ற இனம் அதில் இருக்கிறது. தேனுக்காக என்று அல்ல, காய்க்காக என்றே அந்த இனத்துக்குப் பெயர். 2014-ன் வழிகாட்டு நெறிகளில் எட்டுச் சட்டம் கொண்ட தேனீக் குடும்பத்துக்கு 2,000 ரூபாய், பெட்டிக்கு 2,000 ரூபாய் என்று செலவு நிர்ணயித்து, இரண்டுக்கும் 40 சதவீதம் மானியம் வைத்தார்கள். அந்தக் கணக்கில் ஏக்கருக்கு இரண்டு பெட்டி என்றால் 8,000. மானியம் போக விவசாயி கையிலிருந்து 4,800. பராமரித்தால் அது ஒரு பருவத்தோடு முடிகிற செலவுமல்ல. இதற்குப் பிறகு 2020-ல் மத்திய அரசு தேனீ வளர்ப்புக்கென்றே 500 கோடி ரூபாயில் தனி இயக்கமும் அறிவித்தது. பணம் ஒதுக்கிய இடத்தில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டிய கொல்லைக்காரர் நோட்டில்தான் அதற்கான வரி இல்லை.

பெட்டியை வைத்துவிட்டால் பழைய நிலை திரும்பிவிடும் என்று நான் நம்பவில்லை. பெட்டித் தேனீ பூசணியையும் வெள்ளரியையும் பார்த்துக்கொள்ளும். கத்தரிக்குக் கருவண்டையோ சுரைக்கு விட்டிலையோ யாரும் பெட்டியில் விற்பதில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளவும் தெரிய வேண்டும்: மெழுகுப்புழு வரும், எறும்பு வரும், பூ இல்லாத மாதத்தில் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு நாள் காலையில் பெட்டி காலியாக இருக்கும். அன்று ஏரிக்கரை மரங்கள் வைத்த விருந்துக்கு இன்று சர்க்கரை வாங்க வேண்டியிருக்கிறது. சொந்தமாக இருந்ததை விலைக்கு வாங்குகிறோம் என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. ஆனால் விலையே தெரியாமல் இழப்பதைவிட இது மேல் என்றே நினைக்கிறேன்.

எனவே இந்த வட்டாரத்தில் இன்னும் காய் போடுகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இது. மருந்தடிக்கும் ஆளை மாலை நான்கு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். பத்து ரூபாய் கூடக் கேட்டால் கொடுங்கள். பீர்க்கும் சுரையும் தனியாகப் போட்டிருந்தால் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், அவை பூப்பது மாலையில். கல்பந்தல் போட்டாலும் ஓரத்தில் நாலு மூங்கில் கழியைக் கருவண்டுக்கென்று விட்டு வையுங்கள். ஒரு மூலை வரப்பையாவது ரோட்டாவேட்டர் படாமல் வைத்திருங்கள். வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் சொட்டுநீர் மானியத்துக்கு மனு கொடுக்கும்போது தேனீப்பெட்டி மானியத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அடுக்ககத்தில் இருப்பவர்கள் பூச்சி ஒழிப்பு ஆளைக் கூப்பிடுவதற்கு முன், கூட்டைக் கொல்லாமல் நகர்த்தத் தெரிந்த தேனீ வளர்ப்பவர் எவராவது கிடைப்பாரா என்று ஒருமுறை விசாரியுங்கள். பெருந்தேனீ இடம்பெயரும் இனம். ஆபத்தில்லாத உயரத்தில் கட்டியிருந்தால் பருவம் மாறும்போது தானாகவே போய்விடும்.

அடுத்த போகத்துக்குக் கணக்கு நோட்டைத் திறக்கும்போது விதைக்கும் உரத்துக்கும் நடுவில் ஒரு வரி விட்டு, தேனீ என்று எழுதி வையுங்கள். எதிரே முதல் வருஷம் பூஜ்யம் இருந்தாலும் பரவாயில்லை.